முடிவெடுக்க ஒரு ஆள்

“உங்களுக்கு நினைவு தப்பிட்டா, வைத்தியம் பத்தி யார் முடிவெடுக்கணும்? யார் பேரைப் போட?” என்று கேட்டாள் வக்கீல் பெக்கி நோவாக்.

“லொரேன்” என்றார் ஆர்வின்.

பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டிருந்த மகள் ஜோலினுக்கு முகம் சிவந்துவிட்டது.

லொரேன் அவளைப் பெற்றவள்தான். ஆனால் ஜோலினுக்குப் பதினாலு வயசானபோது விவாகரத்து வாங்கிக்கொண்டு மேடிசன் நகரத்துக்குப் போனவள். அப்பாவின் நுரையீரல் கெட்டுப்போன இந்த மூன்று வருஷமும், குளிப்பாட்டுவதிலிருந்து சூப் ஊட்டுவதுவரை எல்லாம் ஜோலின்தான்.

பெக்கி பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் ஆர்வின் எழுதிய மருத்துவ உயிலிலும் லொரேன் பேர்தான் இருந்தது. விஸ்கான்சின் மாநிலச் சட்டப்படி, விவாகரத்து ஆன அன்றே அது செல்லாமல் போய்விட்டது. புதிதாக எழுதாவிட்டால், பெற்ற மகளே ஆனாலும் கோர்ட் படியேற வேண்டியிருக்கும். அதனால் ஜோலின் பேரை எழுதுவதுதான் முறை என்றாள்.

“சட்டம் அடிச்ச பேரை நான் திரும்ப எழுதறேன். அதுக்குத் தடை உண்டா?”

“இல்லை.”

“அப்ப எழுதுங்க. பிழைக்க வழி இல்லைன்னு டாக்டருங்க சொல்லிட்டா, மூச்சு மெஷினை நிறுத்திடணும். லொரேன் தயங்க மாட்டா.”

“நான் தயங்குவேனாப்பா?”

அவர் மகளைப் பார்க்கவே இல்லை. ஜோலின் எழுந்து காருக்குப் போய்விட்டாள்.

அவரோடு சீஸ் ஃபாக்டரியில் வேலை பார்த்த சிநேகிதர்கள்கூட வீடு தேடி வந்து, பணிவிடை செய்யும் பெண்ணை இப்படியா அவமானப்படுத்துவது என்று கேட்டார்கள். ஆர்வின் மசியவில்லை.

பிப்ரவரியில் நிமோனியா வந்தது. பத்து நாள் மெஷினில் கிடந்தார். இரண்டு டாக்டர்கள் கைவிரித்ததும் லொரேனுக்குத் தகவல் போனது. பனியில் இரண்டு மணி நேரம் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள்.

இன்னும் ஒரே ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி ஜோலின் கெஞ்சினாள். லொரேன் உயிலை ஒருமுறை படித்தாள். பிறகு நர்ஸ் நீட்டிய தாளில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

“விட்டுட்டுப் போறது உனக்குப் பழக்கம்தானே” என்றாள் ஜோலின். “எங்கப்பாவை நீதான் கொன்னே. சாகிறவரைக்கும் இதை மறக்க மாட்டேன்.”

லொரேன் பேனாவை மூடி வைத்தாள்.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் சாப்பாடு. லொரேனின் மேஜையில் யாரும் உட்காரவில்லை. எதிர்க்கோடியில் ஜோலின் சிநேகிதிகளிடம் அம்மாவைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே அழுதாள். யாரோ ஊட்டிவிட்ட ஹாம் சாண்ட்விச்சில் இரண்டு வாய் சாப்பிடவும் செய்தாள்.

பெக்கிதான் காபியோடு லொரேன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணை ஒதுக்கிவிட்டு ஆர்வின் ஏன் இவள் பேரை எழுதினார் என்பது தனக்கு இன்றுவரை புரியவில்லை என்றாள்.

“நான்தான் ஃபோன் பண்ணி எழுதச் சொன்னேன்.” லொரேன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மெஷினை நிறுத்தின கையை அவ ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டா. அது அவளோட கையா இருந்துடக் கூடாது.”