கேமரா அறியாத தேவயானி

தேவயானியின் மொட்டைத் தலையில் காலை வெயில் சந்தனத்தோடு மின்னுகிறது. ஆசிரியர் தேர்வில் தேறினால் முடி இறக்குவதாக வேண்டுதல். முருகனிடம் கடன் சொல்லக் கூடாதென்று நேற்றே மலையேறி முன்பணமாகக் கொடுத்துவிட்டாள். இப்போது தேர்வுக்கூட வாசலில் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேமரா சிவப்பு விளக்கையே காட்டுகிறது. "இது நீ இல்லன்னு சொல்லுதும்மா," என்கிறார் கண்காணிப்பாளர் பரசுராமன். "உங்க எதிர்லயே நின்னுகினு இருக்கேனே சார்!" "எனக்குத் தெரியுதும்மா. அதுக்குத் தெரியலியே." உள்ளே மணி அடிக்கிறது. அழுதுகொண்டே அவள் நுழைவுச்சீட்டைக் கேமரா முன் நீட்டுகிறாள். அதில் இரட்டைச் சடையோடு அவள் படம். உடனே பச்சை விளக்கு எரிகிறது. "ஆங், இந்தப் பொண்ணு போலாம்," என்று பரசுராமன் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்துகிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கணினி முன்னே நாற்காலியில் சாய்த்துவைத்த சீட்டில், சடைக்காரி தேர்வெழுதத் தயாராக இருக்கிறாள்.