மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி

எங்கள் மார்சிலிங் அடுக்குமாடி புளோக்கில், ஒரே தளத்தில், என் வீட்டையும் சேர்த்து நான்கு வீடுகளில் வயிற்றுப்போக்கு. கழிவறைக்கு ஓடிய நேரம் போக, மீதி நேரமெல்லாம் நான் புகார் அனுப்பிக்கொண்டிருந்தேன். மொட்டைமாடித் தொட்டி அசுத்தம் என்று! சுகாதாரத்தில் என்னை மிஞ்ச அந்தத் தளத்தில் ஆள் இல்லை என்று எனக்கு நினைப்பு.

நகர மன்ற அதிகாரி அனுப்ரியா வந்து தொட்டியையும் குழாய்களையும் சோதித்தார். "தண்ணி சுத்தமா இருக்கு சார்."

"அப்ப இத்தனை பேருக்கு எப்படி வந்துச்சு? எதையும் மறைக்காதீங்க!" அக்கம்பக்கத்தார் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். "எல்லாரும் குழாய்த் தண்ணிதானே குடிக்கிறீங்க?"

"இல்ல மிஸ்," என்றார் எதிர்வீட்டு ரஞ்சிதம், என்னைக் காட்டி. "அது ஆபத்துன்னு சுந்தரேசன் அண்ணன்தான் பயமுறுத்தினாரு. நாலு வீடும் ரொம்ப நாளா அண்ணன் வீட்டு ஃபில்டர்லதான் பிடிச்சுக் குடிக்கிறோம் லா."

அனுப்ரியா என் சமையலறைக்குள் போய் ஃபில்டரைத் திறந்தார். கறுப்பும் பச்சையுமாக வழவழவென்று பாசி. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"இந்தக் காட்ரிட்ஜைக் கடைசியா எப்ப மாத்தினீங்க சார்?"

"மாத்தணுமா?" என்றேன்.