மூஸ் மானுக்கு எத்தனை நட்சத்திரம்

மழை விட்ட மதிய வெயிலில் நீலமும் வெள்ளையுமாக இரண்டு மின்சார எஸ்யூவிகள் அருகருகே நிற்கின்றன. மோதல் சோதனையில் இரண்டுக்குமே ஐந்து நட்சத்திரம் என்று ஷோரூம்காரன் டெரில் மூன்றாம் முறையாகத் தாளைக் காட்டுகிறான். கார் வாங்க வந்திருக்கும் வெர்னாவுக்கு வயது அறுபது தாண்டிவிட்டது. போன அக்டோபரில்தான் அவளுடைய பழைய காரின் கூரையை ஒரு மூஸ் மான் உரித்துக்கொண்டு போனது. "இதெல்லாம் செவுத்துல மோதினதுக்குத் தம்பி. நம்ம ரோட்டுல செவுரா குறுக்க வருது? மூஸுக்கு எத்தனை ஸ்டார் போட்டிருக்கான்?" டெரில் தாளைத் திருப்பிப் பார்க்கிறான். மான் இல்லை. குதிரையைவிட உயரமான அந்த மானின் காலில் கார் இடித்தால் உடம்பு கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும், அதற்குள் பக்கவாட்டில் சாய்ந்துவிட வேண்டும் என்பது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் எல்லோருக்கும் தெரியும். வெர்னா நீலக் காரில் ஏறி, கணவர் கிளாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "மூஸ்!" என்று கத்தியபடி சாய்கிறாள். இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டி விலாவில் இடிக்கிறது. "செத்தேன்" என்று இறங்கிவிடுகிறாள். வெள்ளைக் காரில் நடுவே ஒன்றுமில்லை. கத்தியதும் தலை நேராகக் கிளாரின் மடியில் போய் விழுகிறது. அவருடைய கம்பளிச் சட்டையில் டீயும் மரத்தூளும் மணக்கின்றன. கண்ணாடியில் மிச்சமிருக்கும் மழைத்துளிகள் வெயிலில் மினுங்குகின்றன. டெரில் குனிந்து எட்டிப் பார்க்கிறான். "மான் போயிடுச்சு, எந்திரி," என்கிறார் கிளார், அவள் நரைமுடியை வருடியபடி. "இரு, பின்னாலயே குட்டி வருது," என்கிறாள் வெர்னா, கண்ணைத் திறக்காமல்.