பல்லியின் செருமல்

காலண்டருக்குப் பின்னால் குடியிருந்த பல்லிக்குத் தொண்டை கரகரத்தது. விழுங்கிய ஈசலின் இறகு உறுத்தவே, லேசாகச் செருமியது.

கீழே பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று விரலால் தரையைத் தட்டினார்கள். “பல்லியே சொல்லிடுச்சு! இந்த இடத்தையே முடிச்சிடலாம்.”

பல்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நான் எங்கே சொன்னேன்? எனக்குத் தொண்டை வலி! மாப்பிள்ளை கறுப்பா சிவப்பான்னுகூட எனக்குத் தெரியாது!” என்று கத்தப் போய், இன்னும் பலமாகச் செருமியது. கீழே முகூர்த்தத்துக்கே நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

“கத்தாதே தம்பி, புண்ணாயிடும்,” என்றது மூலையில் வலை பின்னிக்கொண்டிருந்த சிலந்தி. “அடுப்பில் சுக்குக் கஷாயம் கொதிக்குது. இறக்கி வைக்கிறதுக்குள்ளே போய் ஆவி பிடி.”

“போறேன் அக்கா. செருமலுக்கெல்லாம் அர்த்தம் பார்க்கிற இந்த மூடர்களோடு யார் இருப்பார்கள்?” பல்லி விறுவிறுவென்று சமையலறைப் பக்கம் கிளம்பியது.

ஒட்டடைத் தூசி மூக்கில் ஏற, சிலந்தி தும்மியது.

பல்லி அப்படியே நின்றது. திரும்பி முறைத்தது.

“ஒரு நல்ல காரியமா கிளம்பும்போதா தும்முவே?” என்று சீறிவிட்டு, வந்த வழியே காலண்டருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது.

சற்று நேரத்தில் அங்கிருந்து மறுபடியும் செருமல் கேட்டது. கீழே தரையைத் தட்டினார்கள்.