டோலன் வீட்டுக் கல்

"இன்னாப்பா ரத்தினம், கெடச்சுதா இல்லியா? துரைசாணி மூணு நாளா பங்களாவுல தங்கிக் கெடக்குறாங்க. அங்க அவங்க அம்மாவுக்கு இழுத்துக்கினு இருக்குதாம்!"

காகிதக் கிடங்கு வாசலில் நின்று முக்தார் அகமது கத்தினார். தோல் பதனிடும் அந்த ஆம்பூர் டேனரியில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிறவர் அவர். பின்னால், சுண்ணாம்புக் குழி நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, நோரா டோலன் நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயது. அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவள்.

அவள் அப்பா ஆம்பூர் ஸ்டேஷனில் ரயில் கார்டாக இருந்தவர். நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், 1888 நவம்பரில், இறந்துபோனார். சென்னையில் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளைப் புரட்டியதில் அந்த ஒரு வரிதான் கிடைத்தது. எப்படி இறந்தார் என்று இல்லை. கூட வேலை பார்த்த ஒருவன் ஊர் திரும்பியபோது, "அவனைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்" என்று சொல்லிவிட்டானாம். அன்றிலிருந்து அவள் அம்மா குடும்பக் கல்லறைக் கல்லில் புருஷன் பெயரை வெட்ட விடவில்லை. இப்போது அம்மாவே சாகக் கிடக்கிறாள். கல்லில் இரண்டு பெயரா, ஒரு பெயரா?

அந்தக் காலத்தில் வேலூரில் ஒரு தமிழ் வாரத்தாள் வந்துகொண்டிருந்தது. அதில் இருந்தாலும் இருக்கும் என்றார்கள். அதன் பழைய கட்டுகள் எப்போதோ எடைக்குப் போய், இந்த டேனரிக்கு வந்திருந்தன. பதனிட்ட தோல்களைக் கட்டும்போது ஒன்றோடொன்று உரசாமல் இருக்க இடையில் பழைய காகிதம் வைப்பார்கள்.

தேடத்தான் ஆள் இல்லை. முக்தார் அகமது உருதும் இங்கிலீஷும் படிப்பார். தமிழ் பேசுவாரே தவிர எழுத்து தெரியாது. கூலிகளில் எழுத்து தெரிந்தவர் ரத்தினசாமி ஒருவர்தான். அதுவும் முப்பத்தைந்து வயதுக்கு மேல், சுண்ணாம்பு அரித்த விரலால் சிலேட்டில் எழுதிப் பழகியது.

தலையெல்லாம் தூசியோடு ரத்தினசாமி வெளியே வந்தார். கையில் ஒரே ஒரு தாள்.

"கெடச்சுது சாயபு."

முக்தார் அகமது அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாப்பா இது, எட்டா மடிச்ச மாதிரி கோடு கோடா இருக்குது? மத்த தாளெல்லாம் பலகை மாதிரி இருக்குதே!"

"அடியில கெடந்துது சாயபு. அவ்ளோ பாரம் ஏறினா மடிப்பு வுழாதா?"

"சரி சரி, படி."

ரத்தினசாமி தாளில் விரலை வைத்தார்.

"ஐப்பசி வெள்ளம். டோலன் துரை பாலாத்தைத் தாண்டுறப்போ தண்ணி அடிச்சிக்கினு போச்சு. கரையில இருந்த தோல் கூலி ஒருத்தன் குதிச்சுத் துரை கையைப் புடிச்சான். ரெண்டு பேரும் பொணமாத்தான் கரை ஒதுங்குனாங்க."

"நீ வெரல் வெச்ச எடத்துல நாலு வரிதானே இருக்குது, நீ இன்னாப்பா கதையே சொல்றே?"

"அந்தக் காலத்துத் தமிழு சாயபு. பிரிச்சுதான் சொல்லணும்."

முக்தார் அகமது இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் நோராவின் கண் நிறைந்துவிட்டது. ஏதோ கேட்டாள்.

"அவமானமா எதுனா போட்டிருக்குதான்னு கேக்குறாங்க."

ரத்தினசாமி அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். இவளுக்கும் என் வயதுதான் இருக்கும் என்று தோன்றியது. இவளும் அப்பா முகம் பார்க்காமல் வளர்ந்தவள்தான்.

"ஒண்ணும் இல்லேன்னு சொல்லு சாயபு."

நோரா நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். குதித்தவர் பெயர் இருக்கிறதா என்று கேட்டாள்.

"இருக்குது. ஆதிகேசவன்."

அவள் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டாள். அவர் கல்லறை எங்கே?

"ஆத்து மணல்ல பொதைச்சாங்க. அடுத்த வெள்ளத்துல மணலும் பூட்டுது."

"அதுவும் பேப்பர்ல போட்டிருக்குதா?" என்றார் முக்தார் அகமது.

"எங்க ஜனத்துக்கு வேற எங்க சாயபு எடம்?"

முக்தார் அகமது அதையும் இங்கிலீஷில் சொன்னார். ரத்தினசாமி தொடர்ந்தார்.

"துரைசாணிகிட்ட ஒண்ணு கேளு சாயபு. துரை பேரு கல்லுல ஏறினா, அந்தக் கூலி பேரும் கூடவே ஏறணும். ஒருத்தரை வுட்டுட்டு ஒருத்தரை வெட்டக்கூடாது."

"உனக்கு இன்னாய்யா அதுல? பேஜார் பண்றியே!" என்று அலுத்துக்கொண்டாலும், அப்படியே சொன்னார்.

நோரா குடையைக் கீழே போட்டுவிட்டு ரத்தினசாமியின் வெடித்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவுக்காக உசுரு வுட்டவர் பேரு இல்லாம கல்லு நட மாட்டாங்களாம். ஆண்டவர் மேல சத்தியம் பண்றாங்க. இன்னிக்கே தந்தி குடுக்கப் போறாங்க" என்றார் முக்தார் அகமது.

உங்கள் பெயரையும் எழுதிக் கொடுங்கள் என்று அவள் நோட்டை நீட்டினாள். ரத்தினசாமி தலைப்பெழுத்தோடு மெதுவாக எழுதினார். தமிழ் படிக்கத் தெரியாத இருவரும் அந்த எழுத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

ஜட்கா வண்டி ஸ்டேஷன் ரோட்டில் திரும்பி மறைந்தது. ரத்தினசாமி தாளைப் பழைய மடிப்புகளிலேயே எட்டாக மடித்தார். மடியிலிருந்து, செத்துப்போன அம்மா பூவம்மாளின் பொடி டப்பாவை எடுத்தார். உள்ளே வைக்கப் போனவர், மனசு கேட்காமல் மறுபடியும் பிரித்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் படித்ததே இந்த நாலு வரிக்காகத்தான்:

'ஆவாரம்பட்டை உரிக்கப் போன தோல் கூலி ஆதிகேசவனைக் காட்டுப்பன்றி என்று சுட்டுக் கொன்று, அபராதத்தோடு விடப்பட்ட ரயில் கார்டு டோலன் துரை காய்ச்சலால் மரித்தார். மாண்ட கூலிக்கு ரத்தினசாமி என்று மூன்று வயதில் ஒரு மகன் உண்டு.'