வெடிக்கு அசையாத வெள்ளைத்துரை

“அண்ணாச்சி, கண்ணச் சிமிட்டுங்க!”

தொண்டை வற்றக் கத்தினாள் பிரீத்திகா. வேளாண்மை ஆபீசிலிருந்து வெம்பக்கோட்டை முகாமுக்கு வந்திருந்த பெண். தன் முகத்தை மறைக்கிற மாதிரி செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

எதிரே வெள்ளைத்துரை சிமிட்டவில்லை. போட்டோ என்றால் கண்ணை மூடக் கூடாது என்று யாரோ சொல்லிவைத்த மாதிரி, விறைப்பாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் மனைவி பொன்னுத்தங்கத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. விவசாயிகளுக்கு அரசாங்கம் போடுகிற கிசான் பணம் வந்து வருஷமாகப் போகிறது. இன்று பதியாவிட்டால் பேரையே எடுத்துவிடுவார்களாம். மக்காச்சோளத்துக்கு உரம் வைக்க அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தாள்.

விரலை வைத்துப் பார்த்தாயிற்று. பட்டாசு மருந்தில் கிடந்து தேய்ந்த விரல், மெஷினில் ரேகை விழவில்லை. இனி முகம்தான். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று செல்போன் நம்புவதற்கு ஒரு சிமிட்டல் போதும்.

வரிசையில் நின்றவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. கம்பெனியில் வெடியைக் கொளுத்திச் சோதிக்கிற மனுசன், இந்தப் பிள்ளை சொல்லியா சிமிட்டப் போகிறார் என்று கேலி வேறு.

அவருடைய நெஞ்சுரம் ஊரறிந்தது. பொன்னுத்தங்கத்துக்கும் அதில் பெருமை உண்டு. அதைவிடப் பெருமை, மனுசன் இப்போது திருந்திவிட்டதில். முன்பெல்லாம் ஒன்று சொன்னால் ஒன்பது பேசுவார். இப்போது அவள் வாயைத் திறந்தாலே, கையிலிருப்பதைப் போட்டுவிட்டு முகத்தையே பார்க்கிறார். எதிர்ப்பேச்சு கிடையாது. இந்த வயசில் இப்படியொரு ஆசையா என்று அவள் வெட்கப்பட்டதுகூட உண்டு.

வரிசையிலிருந்த ஜெயபாண்டிக்குப் பொறுமை போயிற்று. காட்டுப்பன்றி விரட்ட வைத்திருந்த வெடியை எடுத்து, வெள்ளைத்துரையின் முதுகுக்குப் பின்னால் தள்ளி வைத்துப் பற்றவைத்தான்.

டமார்!

பிரீத்திகா துள்ளியதில் போன் கீழே விழுந்தது. மரத்துக் காக்காயெல்லாம் கலைந்து பறந்தன. அசையவே இல்லையே என்று கூட்டம் கைதட்டியது.

பொன்னுத்தங்கம் கைதட்டவில்லை. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தப் பிள்ளை எதற்குத் துள்ளுகிறது என்று விளங்காமல் பிரீத்திகாவைப் பார்த்தார். பிறகு கூட்டம் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தார்.



பிரீத்திகா மறுபடி போனைப் பிடித்தாள். பொன்னுத்தங்கம் அவள் பக்கத்தில் போய், புருசனுக்கு நேராக நின்று, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள்.

உடனே இரண்டு கண்ணையும் மூடித் திறந்தார் வெள்ளைத்துரை.

போனில் பச்சை டிக் விழுந்தது.

“யக்கா, நீங்க என்ன சொன்னீக? எனக்குக் கேக்கவே இல்லயே!” என்றாள் பிரீத்திகா.

வெள்ளைத்துரையின் சிரிப்பு போய்விட்டது. கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சொல்லாதே என்று மனைவியிடம் கண்ணாலேயே கெஞ்சினார். கம்பெனிக்குத் தெரிந்தால் நாளைக்கே வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்கள்.

“புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும் தாயி” என்றாள் பொன்னுத்தங்கம். கூட்டம் ஓவென்று சிரித்தது.

வாசலில் சிவகாசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இல்லாத வழக்கமாக, ஊரே பார்க்க அவர் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டினாள்.