இரண்டாவது நாற்காலி

திரையில் அவனுடைய ஸ்லைடு. தலைப்பும் அவன் வைத்ததுதான்: ஒருவர் வேலையை இன்னொருவர் அழிக்காமலிருக்க.

வாசிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. தொண்டை சரியில்லாதவன்போல் செருமிக்கொண்டான்.

முன்வரிசையில் அஃப்ரின். இன்னும் வேலை நிரந்தரமாகாத பெண். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவன் சொல்வதை ஒன்றுவிடாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

கதவருகே மேலாளர் குமரகுரு. அவர் சொல்லித்தான் இந்த வகுப்பு.

திங்கட்கிழமை வாடிக்கையாளரான மருத்துவமனைக்குச் செயலியைத் திறந்து காட்டினார்கள். நோயாளி டாக்டரைப் பார்க்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளும் பக்கம் வெறுமையாக இருந்தது. அஃப்ரின் வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய பக்கம். முடிக்காததை முடித்தேன் என்று ஏன் சொன்னாய் என்று குமரகுரு எல்லார் முன்னாலும் கேட்டார். எழுதினேன் சார் என்றாள்.

வெள்ளிக்கிழமை அவளை வேலையில் வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முடிவெடுக்கிறார்கள்.

அவள் எழுதத்தான் செய்திருந்தாள்.

அழித்தது அவன்.

என்ன நடந்தது என்று குமரகுரு அவனிடம்தான் விசாரித்தார். குழுத் தலைவன் அவன் அல்லவா. எல்லாரும் எழுதியதை இணைக்கும்போது ஏதோ குழம்பியிருக்கிறது என்றான். அந்தப் பெண்தான் குழப்பியிருப்பாள் என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார். அவன் மறுக்கவில்லை.

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதை நினைத்தால்தான் இன்னும் கேவலமாக இருந்தது.

அடுத்த ஸ்லைடு.

இரண்டு பேர் ஒரே இடத்தைத் திருத்தியிருந்தால் கணினி தானாக முடிவெடுக்காது, யாருடையதை வைத்துக்கொள்ள என்று கேட்டு நிற்கும் என்றான். அந்த இடத்தில் ஒருவராக எதையும் அழுத்தக் கூடாது. மற்றவரைக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, இரண்டு பேருமாக வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

இந்தக் குழுவில் அது விதி. கொண்டுவந்தவனும் அவன்தான்.

அவன் அழித்த அன்று மத்தியானம் அவள் நாலு மேசை தள்ளித்தான் இருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

கூப்பிடவில்லை.

புதுப் பெண், என்ன பெரிதாக எழுதிக் கிழித்திருக்கப் போகிறாள் என்று நினைத்தான். என்னுடையதை வை என்று அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனான். சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

பின்வரிசையிலிருந்து பிரிட்டோ கை தூக்கினான். திங்கட்கிழமை கூத்தையே திறந்து காட்டினால் எல்லாருக்கும் புரியுமே என்றான். நல்ல யோசனைதான். யார் எதை மாற்றினார்கள் என்பது ஹிஸ்டரியில் பெயரோடு இருக்கும்.

அவன் கை மவுஸின்மேல் இருந்தது.

அஃப்ரின் தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

நேரமில்லை என்றான். எதிர்ச் சுவரில் கடிகாரம். நேரம் தாராளமாக இருந்தது.

மிச்ச ஸ்லைடுகளை எப்படி முடித்தான் என்று அவனுக்கே தெரியாது. நாலைந்து பேர் கைதட்டினார்கள். எல்லாரும் டீக்குக் கிளம்பினார்கள்.

அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. அறை காலியாகட்டும் என்று காத்திருந்து அவன் பக்கம் வந்தாள்.

“திங்கக்கெழமையே ஹிஸ்டரியில பாத்துட்டேன்ண்ணா. நீங்களே சொல்லிருவீங்கன்னு இருந்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குப் பதில் பேசவாவது வழி கிடைத்திருக்கும்.

அவன் புரொஜெக்டர் வயரைச் சுற்றினான். சுற்றியதை அவிழ்த்து மறுபடி சுற்றினான். அவள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

குமரகுரு இன்னும் போகவில்லை, கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தார். குனிந்து யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

சார் என்றான்.

அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் நிமிரவில்லை.

இன்னொரு தடவை கூப்பிட வேண்டும்.